கண்ணாடிக் கதவும் கடின நீரும்

கடலோர ஊர்களிலுள்ள நம் பழைய வீடுகளைச் சற்றே நினைவுகூருங்கள். பின்முற்றத்தில் ஒரு கிணறு. அதன் அருகே சுவரெழுப்பி மறைத்த குளிக்குமிடம். அதற்கு ஒரு தகரக் கதவு. வசதி படைத்தோர் வீடென்றால் மரக்கதவு. அக்கதவை எவரும் துடைத்துப் பளபளப்பாக்கியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. துருப்பிடித்தால் மாற்றினார்கள், உளுத்துப் போனால் புதிது செய்தார்கள். அத்துடன் வேலை முடிந்தது.

இன்று நிலைமை மாறிவிட்டது. படுக்கையறைக்கு ஒரு குளியலறை. அதனுள் தண்ணீர் தெறிக்காதபடி குளிக்குமிடத்தைத் தனியே பிரித்து நிற்கும் கண்ணாடித் தடுப்பு. அதற்கொரு கண்ணாடிக் கதவு. வளைகுடா நாடுகளிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் நம் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து உழைத்துச் சேர்த்த பொருளில் எழும்பும் இல்லங்களில் இக்கதவு இப்போது சாதாரணக் காட்சியாகிவிட்டது. கதவை வாங்கி மாட்டுவதற்குக் காட்டிய ஆர்வத்தை, அதை எப்படிப் பேணுவது என்று கேட்டறிவதற்கு நம்மில் எத்தனை பேர் காட்டினோம்?

இக்கட்டுரை எழுதக் காரணமாக அமைந்தது ஒரு மாமியின் கேள்வி. இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரொன்றில் உறவினர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். சலாம் கூறி அமர்ந்து, தேநீர் அருந்தி முடிப்பதற்குள் மாமி என்னைக் குளியலறைக்கு அழைத்துச் சென்று கதவைக் காட்டினார்.

"துபாயில் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். அங்கேயும் இதே மாதிரிக் கதவுதான். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். பார்த்து ஆசைப்பட்டுத்தான் இங்கேயும் போடச் சொன்னேன். பூச்சுப் பூசிய கண்ணாடி, துடைக்கவே வேண்டாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒரு வருஷம் ஆகவில்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. கடைக்காரர் நம்மை ஏமாற்றிவிட்டாரா?"

கதவைத் தடவிப் பார்த்தேன். மேற்பாதி ஓரளவு தெளிவாக இருந்தது. இடுப்பளவுக்குக் கீழே வெண்படலம் அப்பியிருந்தது. அதனூடே வட்ட வட்டமாக ஏதோ அழுத்தித் தேய்த்த கீறல்களும் தெரிந்தன. கடைக்காரர் ஏமாற்றினாரோ இல்லையோ, வேறு இரண்டு காரணங்கள் அக்கண்ணாடியின் மீதே எழுதப்பட்டிருந்தன. ஒன்று, அவ்வூர்த் தண்ணீர். மற்றொன்று, மாமியின் கை.

ஒரே கதவு, இரு வேறு தண்ணீர்

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். துபாய் நகரத்தின் குழாய்களில் வருவது பெரும்பாலும் கடல்நீரிலிருந்து உப்பை நீக்கிப் பெறப்படும் நீர். அளவோடு மட்டுமே தாதுக்கள் அதில் இருக்கும். நம் கடலோர ஊர்களின் ஆழ்குழாய்க் கிணறுகளில் வருவதோ பூமிக்கடியில் பாறையையும் சுண்ணாம்பு மண்ணையும் தழுவி, பல இடங்களில் கடலின் உவர்ப்பும் கலந்து வரும் நீர். குடிப்பதற்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீரையோ விலைக்கு வாங்கும் தண்ணீரையோ பயன்படுத்தும் வீடுகளிலும், குளிப்பதற்கு இந்த நிலத்தடி நீர்தான்.

நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் அளவையே நீரின் கடினத்தன்மை என்கிறார்கள். ஒரு லிட்டரில் 60 மில்லிகிராம் வரை இருந்தால் அது மென்னீர். 180 மில்லிகிராமைத் தாண்டினால் மிகக் கடின நீர் என்பது பரவலாக வழங்கும் பகுப்பு. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்துள்ளது.

இந்த 600 என்னும் எண்ணைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் குளித்து முடித்தபின் கதவில் 50 மில்லி லிட்டர், அதாவது ஒரு சிறு தேநீர்க் கோப்பை அளவு நீர் தங்கி உலர்வதாக வைத்துக்கொள்வோம். நீர் ஆவியாகிவிடும், அதிலிருந்த 30 மில்லிகிராம் சுண்ணச்சத்து கண்ணாடியிலேயே தங்கிவிடும். நால்வர் குளிக்கும் வீட்டில் நாளொன்றுக்கு 120 மில்லிகிராம். ஓராண்டில் ஏறத்தாழ 44 கிராம்! ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பை நாமே நாள்தோறும் சிறிது சிறிதாகக் கதவில் பூசிக்கொண்டிருக்கிறோம் என்றால் அது மிகையாகாது.

இதோடு சோப்பும் சேர்ந்துகொள்கிறது. கட்டிச் சோப்பு என்பது எண்ணெய் அல்லது கொழுப்பிலிருந்து செய்யப்படுவது. அது கடின நீரிலுள்ள கால்சியத்தைச் சந்தித்ததும் நுரைப்பதை விட்டுவிட்டு, நீரில் கரையாத ஒரு பிசுக்காக மாறிவிடுகிறது. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காததன் இரகசியம் இதுவே. அந்தப் பிசுக்குதான் சாம்பல் நிறத் திரையாகக் கதவில் படிகிறது. ஆகவே நம் குளியலறைக் கதவில் இருப்பவை இரண்டு வகைக் கறைகள். உப்புக்கறை வெண்மையாக, புள்ளி புள்ளியாக, கடினமாக இருக்கும். சோப்புக்கறை மங்கலாக, வழவழப்பாக, நகத்தால் சுரண்டினால் மெழுகுபோல் பெயர்ந்து வரும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் கையில் கிடைத்ததைக் கொண்டு தேய்ப்பதே முதற்பிழை.

பூச்சு என்பது என்ன?

கண்ணாடியைத் தொட்டால் வழவழப்பாக இருக்கிறது. ஆனால் நுண்ணிய அளவில் பார்த்தால் அதன் மேற்பரப்பு நீரை விரும்பிப் பற்றிக்கொள்ளும் தன்மையுடையது. மணலிலுள்ள சிலிக்காவே சன்னல் கண்ணாடியில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு மேல் அடங்கியுள்ளது. எஞ்சியதில் பெரும்பகுதி சோடாவும் சுண்ணாம்பும். உருக்கிய தகரத்தின் மீது கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுச் சமதளமான தகடாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959ஆம் ஆண்டு அறிவித்தது. இன்று நாம் காணும் பெரிய கண்ணாடிகள் பெரும்பாலும் அம்முறையில் உருவானவையே. நம் ஸ்ரீபெரும்புதூரிலும் 2000ஆம் ஆண்டு முதல் இத்தகைய ஆலை இயங்கி வருகிறது.

நீர் நெடுநேரம் தேங்கி நின்றால் கண்ணாடிக்கும் கேடு உண்டு. நீர் அதிலுள்ள சோடாவைச் சிறிது சிறிதாக வெளியே இழுக்கிறது. அவ்வாறு வெளிவந்த காரம் துளியிலேயே செறிந்து நின்று, கண்ணாடியின் சிலிக்காவையே அரிக்கத் தொடங்குகிறது. மேலே படிந்த உப்பைக் கழுவலாம். கண்ணாடியே அரிக்கப்பட்டுவிட்டால் கழுவி என்ன பயன்?

இந்தக் கேட்டைத் தடுப்பதற்காகவே பூச்சு கண்டுபிடிக்கப்பட்டது. பொதுவாகக் காணப்படும் வகையில், சிலிக்கானைக் கொண்ட நுண்பொருள் கண்ணாடியின் மேற்பரப்போடு வேதிமுறையில் பிணைந்து, நீர் ஒட்டாத ஒரு போர்வையாகி விடுகிறது. தாமரை இலையில் போல நீர் முத்தாகத் திரண்டு உருள்வது அதனால்தான். அப்போர்வையின் கனம் நானோமீட்டர்களில் அளக்கப்படுவது. ஒரு தலைமுடியின் பருமன் பல்லாயிரம் நானோமீட்டர் என்றால், இந்தப் போர்வை எவ்வளவு மெல்லியது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பூச்சில் இரு வகை உண்டு. ஆலையிலேயே கண்ணாடியோடு இணைத்து அனுப்பப்படுவது ஒன்று. அது நெடுநாள் நிற்கும். கதவை மாட்டியபின் ஆள் வந்து திரவமாகப் பூசிச் செல்வது மற்றொன்று. அது தேயத் தேயக் குறையும், மீண்டும் பூசிக்கொள்ள வேண்டும். ஆலைப் பூச்சுகளிலும் சில, நீரை முத்தாக உருட்டுவதைவிடக் கண்ணாடி அரிக்கப்படாமல் காப்பதையே நோக்கமாகக் கொண்டவை. ஆகவே தண்ணீர் உருளவில்லை என்பதை மட்டும் வைத்துப் பூச்சுப் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடலாகாது. நம் கதவு எந்த வகையென்பதை ரசீதுடன் வரும் குறிப்பேட்டில் பார்த்து அறிந்துகொள்ள வேண்டும்.

எந்த வகையாயினும் ஒரு விஷயம் பொதுவானது. பூச்சு நீரை விரைவாக வழியச் செய்யும்; கறை ஆழப் பற்றாமல் தடுக்கும். நீரில் வந்த உப்பை அது மாயமாக மறையச் செய்வதில்லை. ஓடாமல் நின்ற துளி உலர்ந்தால் பூச்சின் மேலும் உப்புப் படியத்தான் செய்யும். "துடைக்கவே வேண்டாம்" என்று எவரேனும் சொன்னால், குறைவாகத் துடைத்தால் போதும் என்று மட்டுமே அதற்குப் பொருள் கொள்க.

கதவை விடப் பெரிய ஆபத்து

இனி மாமியின் கை செய்ததைச் சொல்கிறேன். இதைச் சொல்வதற்காகவே இவ்வளவு தூரம் வந்தேன்.

மகன் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்புவதாகச் செய்தி வந்திருக்கிறது. அவன் அனுப்பிய பணத்தில் போட்ட கதவு இப்படி வெளுத்துக் கிடப்பதை அவன் பார்க்கக் கூடாதே என்று தாயுள்ளம் தவித்திருக்கிறது. கம்பி நாரால் தேய்த்தார். பாத்திரம் துலக்கும் பவுடரைப் போட்டுத் தேய்த்தார். கறை அசையவில்லை. பின்பு கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைக் கதவில் ஊற்றினார். தரையில் ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் தூவி ஊறவைத்திருந்தார். ஆசிட் வழிந்து அதன் மேல் விழுந்ததும், மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி எழுந்திருக்கிறது. நெஞ்சை அடைத்து, கண் எரிந்து, இருமல் நிற்காமல் அவர் சுவரில் சாய்ந்துவிட்டார். சத்தம் கேட்டு ஓடிவந்த மகள் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்திருக்கிறாள். இரண்டு நாட்கள் மருத்துவமனையில் இருந்து நலமாகத் திரும்பினார், அல்ஹம்துலில்லாஹ். விமானத்திலிருந்து இறங்கிய மகன் நேரே சென்றது மருத்துவமனைக்கு.

சகோதரிகளே, அந்த நெடி எது தெரியுமா? குளோரின் வாயு. 1915ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே படைவீரர்களைக் கொல்வதற்காக ஜெர்மானியப் படை திறந்துவிட்ட அதே வாயு. கழிவறை ஆசிட்டில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் பிறக்கிறது. வினிகரும் எலுமிச்சைச் சாறும்கூட அமிலங்களே. அவற்றையும் பிளீச்சுடன் கலக்கலாகாது. அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்தைப் பிளீச்சுடன் கலந்தாலும் வேறொரு நச்சு வாயு உண்டாகும். சன்னல் சிறிதாகவும் கதவு சாத்தியும் இருக்கும் குளியலறையில் இந்த வாயு வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது.

இத்தகைய விபத்து நேர்ந்தால் எதையும் ஊற்றிச் சரிசெய்ய முயலாமல் உடனே வெளியே வந்து நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டும். கதவு, சன்னல்களைத் திறந்துவிட வேண்டும். தோலிலோ கண்ணிலோ பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் தாமதியாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சில வேளைகளில் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டும்.

சில கடைகளில் கண்ணாடிக் கறைக்கென்றே பெயர் ஒட்டாத புட்டிகளில் ஒரு திரவத்தைக் கொடுப்பதுண்டு. அதில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதன் உப்போ இருக்கலாம். கண்ணாடியையே கரைக்க வல்லது அது. தோல் வழியே உடலுக்குள் ஊடுருவி எலும்புவரை கேடு செய்யக்கூடியது. உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதப்படாத எதையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

பூச்சைக் கொல்பவை

கம்பி நார், பச்சை நிறச் சொரசொரப்பு நார், பாத்திரப் பவுடர், சாம்பல், சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்ப்பது, சவர பிளேடு ஆகியவை பூச்சைச் சுரண்டிவிடும். காஸ்டிக் சோடா கலந்த அடைப்பு நீக்கிகள், பிளீச், அம்மோனியா ஆகியவை பூச்சுக்கும் கண்ணாடிக்கும் உள்ள பிணைப்பை அறுத்துவிடக் கூடும். கழிவறை ஆசிட் கண்ணாடியை விட்டாலும், குரோமியம் பூசிய கைப்பிடியையும் எஃகுக் கீல்களையும் ஓடுகளுக்கு இடையேயுள்ள சிமெண்டையும் விடாது. தரையில் மார்பிளோ கடப்பைக் கல்லோ பதித்திருந்தால், வினிகர்கூட அதை அரிக்கும். அவ்விரண்டும் சுண்ணாம்பு வகைக் கற்களே.

மாமியின் கதவில் இடுப்பளவுக்குக் கீழே பூச்சு போய்விட்டதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும். தேய்க்கத் தேய்க்கப் போர்வை கிழிந்தது. போர்வை கிழிந்த இடத்தில் உப்பு முன்னிலும் வேகமாகப் பற்றியது. உப்புப் பற்றியதால் இன்னும் கடுமையாகத் தேய்த்தார். கறையைப் போக்கச் செய்த முயற்சியே அடுத்த கறைக்குப் பாய் விரித்தது.

ஒரு நிமிட வேலை

அப்படியாயின் செய்ய வேண்டியது யாது? மிக எளிது. உப்பு படிந்தபின் அதனோடு போராடுவதைவிட, அது படியும் முன்பே நீரை வழித்துவிடுவது.

நாள்தோறும்: ரப்பர் பட்டை வைத்த சிறிய கை வைப்பர் ஒன்றை வாங்கிக் குளிக்குமிடத்திலேயே மாட்டி வையுங்கள். குளித்து முடித்ததும், கதவில் நல்ல தண்ணீரை ஊற்றிச் சோப்பு நுரையைக் கழுவிவிட்டு, மேலிருந்து கீழாக வைப்பரால் வழித்துவிடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. பின்பு கதவைச் சற்றே திறந்து வைத்து, காற்று வெளியேற்றும் விசிறியைச் சிறிது நேரம் ஓடவிடுங்கள். ஈரம் விரைவில் உலர்ந்தால் ரப்பர் பட்டைகளில் கரும்பூஞ்சையும் பிடிக்காது. இப்பணி கடைசியில் குளித்தவருக்கு உரியது என்று ஒதுங்க வேண்டாம். குளிக்கும் ஒவ்வொருவரும் செய்ய வேண்டியது. ஆண்களும் பையன்களும் வைப்பரைத் தொட்டால் கை தேய்ந்துவிடாது. வீட்டுப் பெண் வாரந்தோறும் ஒரு மணி நேரம் மூச்சு முட்டத் தேய்ப்பதை, நான்கு பேரின் ஒவ்வொரு நிமிடம் இல்லாமல் செய்துவிடும்.

வாரம் ஒரு முறை: பாத்திரம் கழுவும் மென்மையான திரவத்தில் சில துளிகளை ஒரு குவளை வெந்நீரில் கலந்து, மைக்ரோஃபைபர் துணியாலோ பழைய பருத்தித் துணியாலோ மென்மையாகத் துடையுங்கள். சோப்புப் பிசுக்கும், தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெயின் படலமும் இதிலேயே போய்விடும். கடலை மாவு, சீயக்காய் தேய்த்துக் குளிப்பவர்கள் கதவின் அடிப்பட்டையில் சிக்கும் துகள்களை முதலில் நீரூற்றிக் கழுவிவிட வேண்டும். துணியோடு சேர்ந்தால் அவையே கீறலுண்டாக்கும். ரப்பர் பட்டைகளின் இடுக்குகளுக்குப் பழைய பல் துலக்கும் தூரிகை போதும். கடைசியாகச் சிறிது நல்ல தண்ணீர் ஊற்றி வழித்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வீட்டில் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவு நீரைச் சேமித்துப் பயன்படுத்துவது பாராட்டத்தக்க சிக்கனமே. ஆனால் அதில் உப்பு முன்னிலும் செறிந்திருக்கும். தரை கழுவ அது ஆகும், கண்ணாடிக்கு ஆகாது.

உப்புக்கறை தலைகாட்டினால்: குறிப்பேட்டில் தடை இல்லையெனில், ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று பங்கு நீர் கலந்து, துணியில் நனைத்துக் கறையின் மேல் ஒற்றுங்கள். இரண்டு மூன்று நிமிடங்கள் போதும். சுண்ணப் படிவு மெல்லக் கரைந்துவிடும். உலரும்வரை விட்டுவிடாமல் நல்ல தண்ணீரால் கழுவி, வழித்துத் துடையுங்கள். முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பார்ப்பது நலம். மார்பிள், கடப்பைத் தரையானால் அடியில் பழந்துணியைச் சுருட்டி வைத்து, சொட்டுவதைத் தடுத்துக்கொள்ளுங்கள். சோப்புக்கறையும் உப்புக்கறையும் சேர்ந்திருந்தால் முதலில் வினிகர், கழுவியபின் பாத்திரத் திரவம் என்ற வரிசையில் செய்யுங்கள். பிளீச் புட்டி அந்த அறையிலேயே இருக்க வேண்டாம்.

இரண்டு மூன்று முறை செய்தும் போகாத மங்கல், பெரும்பாலும் கண்ணாடியே அரிக்கப்பட்டதன் அடையாளம். அதன் மேல் பலத்தைக் காட்டிப் பயனில்லை. சீரியம் ஆக்ஸைடு என்னும் மெருகுப் பொருளைக் கொண்டு தேர்ந்த பணியாளர்கள் ஓரளவு மெருகேற்ற முடியும். அப்போது எஞ்சிய பூச்சும் போய்விடுமாதலால், பிறகு புதிதாகப் பூச்சுப் பூசிக்கொள்ள வேண்டும். ஆழமான அரிப்பானால் அதுவும் முழுப்பயன் தராது.

கதவின் எடையை மறவாதீர்

சுத்தம் செய்வதோடு பராமரிப்பு முடிந்துவிடவில்லை. குளியலறைக் கதவுக்குப் பயன்படுவது கடினமாக்கப்பட்ட பாதுகாப்புக் கண்ணாடி. கண்ணாடித் தகட்டை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றி, காற்றைப் பீய்ச்சித் திடீரெனக் குளிரச் செய்வதால் அது சாதாரணக் கண்ணாடியை விட நான்கைந்து மடங்கு வலிமை பெறுகிறது. உடைந்தாலும் கத்தி போன்ற நீண்ட துண்டுகளாகாமல் சிறு சிறு கட்டிகளாக உதிரும். ஐ.எஸ். 2553 என்பது பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தரக் குறியீடு. வாங்கும்போது கண்ணாடியின் மூலையில் அழியாமல் பொறிக்கப்பட்ட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தக் கண்ணாடியின் பலம் முகத்தில், பலவீனம் விளிம்பில். முகத்தில் விழும் அடியைத் தாங்கும் தகடு, விளிம்பிலோ மூலையிலோ ஓட்டின் கூர்முனை பட்டால் ஒரே நொடியில் பொடிப் பொடியாகிவிடக்கூடும். ஒரு சதுர மீட்டர் பரப்பும் 10 மில்லிமீட்டர் கனமும் உள்ள கண்ணாடியின் எடை 25 கிலோ. இரண்டு மீட்டர் உயரமும் முக்கால் மீட்டர் அகலமும் உள்ள கதவென்றால் 37 கிலோவுக்கும் மேல்! பத்து வயதுப் பிள்ளையை விட எடை மிகுந்த ஒரு கண்ணாடி இரண்டே கீல்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். ஆகவே மாதம் ஒருமுறை கதவை மெல்ல ஆட்டிப் பாருங்கள். கீல் தளர்ந்தாலோ, கதவு கீழிறங்கித் தரையில் உரசினாலோ, விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்திருந்தாலோ, அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டுப் பணியாளரை அழைக்க வேண்டும். கதவின் கைப்பிடியில் ஈரத்துணிகளையும் வாளியையும் தொங்கவிடுவதும், குழந்தைகள் அதைப் பிடித்து ஊஞ்சலாடுவதும் கூடவே கூடாது.

வாங்கும் முன் யோசியுங்கள்

புதிதாக வீடு கட்டுவோருக்குச் சில வார்த்தைகள். முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதனை செய்து கடினத்தன்மை எவ்வளவு என்று அறியுங்கள். அது மிக அதிகமெனில் நீரை மென்மையாக்கும் கருவியைப் பற்றி விசாரியுங்கள். அக்கருவி கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு சோடியத்தை விடுவிக்கிறது. அவ்வப்போது சமையலுப்புக் கரைசலால் அதைப் புதுப்பிக்க வேண்டும். சோப்பு நுரைக்கும், வெந்நீர்க் கருவியும் நெடுநாள் உழைக்கும். ஆயினும் அது உவர்ப்பை நீக்காது என்பதால், கதவை வழித்துவிடும் வேலை அப்போதும் உண்டு. கறை மட்டும் எளிதில் போகும்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை நான்கு. பூச்சு ஆலையில் இட்டதா, மாட்டியபின் பூசுவதா? கண்ணாடியின் ஒரு பக்கமா, இரு பக்கமுமா? எதைக் கொண்டு துடைக்கலாம், எதைக் கொண்டு துடைக்கலாகாது? உத்தரவாதம் எத்தனை ஆண்டு, அது எந்தச் செயலால் செல்லாததாகிவிடும்? இந்நான்கிற்கும் எழுத்து வடிவில் விடை வாங்கிக்கொள்ளுங்கள். கடின நீர் வரும் வீட்டில், நாள்தோறும் வழித்துவிட எவருக்கும் நேரமில்லையெனில், கண்ணாடிக்குப் பதில் ஒரு நல்ல திரைச்சீலையே போதுமென்று முடிவு செய்வதிலும் குறைவேதும் இல்லை.

மாமியின் கதவு இன்றும் கீழ்ப்பாதி மங்கலாகத்தான் இருக்கிறது. வினிகரில் பாதி தெளிந்தது. மீதி கண்ணாடியோடு கலந்துவிட்டது. மாற்றிவிடலாம் என்று மகன் சொன்னபோது மாமி சம்மதிக்கவில்லை. "உன் பணத்தை இரண்டாம் முறை கண்ணாடியில் போட வேண்டாம்" என்று மறுத்துவிட்டாராம். கதவின் அருகில் இப்போது ஒரு சிறிய வைப்பர் தொங்குகிறது. விடுமுறை முடிந்து துபாய் திரும்பும்வரை அதை அன்றாடம் கையிலெடுத்தது மகன்தான். ஆசிட் புட்டி அந்த வீட்டில் இல்லை. உங்கள் வீட்டுக் குளியலறையில் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவா என்று இந்த இதழை மூடி வைத்ததும் ஒருமுறை சென்று பாருங்கள்.